அழகி சுமந்த மண் கால்

தலைச்சும்மாட்டின்மேல் மண் காலை ஏற்றிக்கொண்டு அழகி கண்மாய்க் கரையில் விடுவிடுவென்று நடந்தாள். அவளுடைய கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஆண்டியப்பன் பின்னால் ஓடினார். பெண்டாட்டிக்குப் பின்னால் இப்படி ஓடும் பாக்கியம் கல்யாணமான புதிதில்கூட அவருக்கு வாய்த்ததில்லை.

நாற்று நட்டே வளைந்த இடுப்பு அது. குடைச்சல் காலில் இறங்கி வருஷக்கணக்காயிற்று. வலி போனால் மண்ணில் கால் செய்து, தானே சுமந்துவந்து வைப்பதாக அய்யனாருக்கு நேர்ந்திருந்தாள். ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை. வலி போகுமுன்பே காலைச் செய்யச் சொல்லி வாங்கிவந்துவிட்டார். இப்படியும் ஓர் அவசரக்குடுக்கையா என்று ஊரே சிரித்தது. கால் பரண்மேல் தூசி படிந்து கிடந்தது. போன மாசம், சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போடக்கூட அவளை வண்டியில் வைக்கோல் பரப்பித்தான் கொண்டுபோனார்கள்.

இன்று விடிந்ததும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"வலிக்கலைங்க. அந்தக் காலை எறக்குங்க."

தெருவே திரண்டுவிட்டது. யாருக்குத்தான் வலி இல்லை? கிழடுகள் புலம்பிய முட்டிவலியை இப்போது பிள்ளை பெற்ற கையோடு இளவட்டங்களும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணம் முட்டியைப் பிடித்துக்கொண்டே நொண்டி வந்தாள். கல்லுடைக்கும் ராக்கனுக்குத் தோள்பட்டை. மண் கால் செய்தவரும் கோயில் பூசாரியுமான பெரியண்ணன் வேளாரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கோர் உறுப்புச் சொன்னார்கள். தோள்பட்டையைத் தனியாகச் செய்ய முடியாது, கையோடு சேர்த்துத்தான் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கரைமேல் பின்னால் ஓடிய ஆண்டியப்பனுக்கு நினைப்பு ஒன்றுதான். கோயில்வரை தாங்கினால் போதும். பிறகு வலி திரும்பினாலும் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். மெதுவாகப் போகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவள் நடப்பது அவ்வளவு அழகாயிருந்தது.

அய்யனார் கோயிலில் மண் குதிரையின் அருகே காலை இறக்கி வைத்தாள். பெண்கள் போட்ட குலவையில் மரத்துக் காக்கைகள் கலைந்தன. வெளியே வந்து புளியமரத்து வேரில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க அவசரப்பட்டதும் நல்லதாப் போச்சு. இல்லாட்டி இப்ப சூளை வேகுறவரைக்கும்ல காத்துக்கெடக்கணும்."

அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்க அவள் இல்லை.

சாயங்காலம் வேளார் கொள்ளிக்குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். காலையில் உறுப்புச் சொன்னவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண்டியப்பன் அழுதார். அழுகையோடு அழுகையாக, வந்தவர்களிடமெல்லாம் அவள் கரைமேல் நடந்த வேகத்தைச் சொன்னார். சொல்லும்போது குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. புழங்கிய பொருளாயிற்றே என்று ராக்கன் தடியைப் பாடையில் வைத்தான். அவர் அதை எடுத்துவிட்டார்.

"இது வேணாம்ப்பா. காலையிலயே இத வேணாம்னு வச்சுட்டா."

பிள்ளையில்லாத வீடு, கொள்ளிக்குடத்தை அவர்தான் தூக்கவேண்டும். கையில் தடியை வைத்துக்கொண்டு நின்றார். தரையில் உட்கார்ந்திருந்த சொர்ணம் கையை நீட்டினாள்.

"இங்கிட்டுக் குடுங்கண்ணே."

கொடுத்துவிட்டுக் குடத்தைத் தோளில் ஏற்றினார். சொர்ணம் தடியை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றாள்.