மீன் கழுவின தண்ணீர்

கறிவேப்பிலை மஞ்சளடித்த பிறகுதான் அரியரத்தினத்துக்குச் சந்தேகம் தட்டியது. சனிக்கிழமை மத்தியானம். பல்கனியில் குந்தியிருந்து தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுப் பல்கனியைப் பிரிக்கிற மங்கல் கண்ணாடித் தட்டியின் அடியில், கைப்பிடி அளவு இடைவெளிக்குள்ளால், இரண்டு கால்களைக் கண்டார். ரோசாநிற றப்பர்ச் செருப்பு. இடது பெருவிரலில் நகம் வெடித்த கால். அவருடைய மனுசி இந்திராதேவியின் கால். கடைக்குப் போட்டு வாறன் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவளின் கால்.

அவர் கூப்பிடவில்லை. குந்தினபடியே இருந்து பார்த்தார். கால் அசையவில்லை. கீழே மெத்ரோ ரயில் பாலத்தில் தடதடத்துப் போனது, திரும்பி வந்தது, கால் அப்படியே இருந்தது. ஒரு செடிக்குத் தண்ணி ஊற்ற இவ்வளவு நேரமா?

சனிக்கிழமை மீன் வெட்டிக் கழுவுகிற தண்ணி, இரத்தமும் செதிலுமாக, ஒரு பழைய தயிர் வாளியில் இந்தக் கறிவேப்பிலைக்கு வரும். வெள்ளி சைவம், சனி மீன், மீன் என்றால் தண்ணி தொட்டிக்கு. யாரும் பேசி வைத்த ஒழுங்கில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிஞ்சியிருந்த ஒழுங்கு அது ஒன்றுதான் என்றாலும் பிழையில்லை. கொஞ்சக் காலமாக அந்த வாளி வரவில்லை. எங்கே போகிறதென்று சாத்திரம் கேட்கத் தேவையில்லை. தட்டிக்கு அந்தப் பக்கமும் ஒரு தொட்டி இருக்கிறது.

அந்தப் பக்கம் வலன்ரைன் வீடு. மன்னார் ஆள், தனிக்கட்டை. உணவகத்துக் குசினியில் சட்டி தூக்கித் தூக்கி முதுகு போய், முள்ளந்தண்டில் வெட்டி, இப்போது கால் நரம்பு நெருப்பாய் எரிகிறது என்கிறான். குளிசை ஒன்றும் கேட்கவில்லை. நகரத்துக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற தமக்கையின் மகன் அலெக்சிஸ் எங்கேயோ வாங்கிவந்த விதையைப் போட்டு, பல்கனியில் ஒரு கஞ்சாச் செடி முளைக்க வைத்தான். முளைத்த கையோடு அவனை மறுபடி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். போகமுதல் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினான். மாடிக்கு ஏற்றுகிற அசென்சர் பழுதான நாளெல்லாம் அவனுடைய அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து ஏற்றிக் கொடுத்த அரியரத்தினத்திடம் நீட்டவில்லை. இந்திராதேவியிடம் நீட்டினான்.

"அண்ணைக்குக் கை பாரம்," என்று சிரித்தான். "அவர் ஊத்துற ஊத்திலை செடி நீந்தும்."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரியரத்தினத்துக்குத் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தினது.

அன்றைக்கு இவர்களுடைய குசினி மேசையில் இருந்துதான் வலன்ரைன் பாடம் நடத்தினான். "இது காத்திருக்கிற சாதியில்லை, தேவியக்கா. மற்றக் கஞ்சா பகல் நீளம் குறைஞ்சாத்தான் பூக்கும். இது தன்ர வயசுக்குத் தானாப் பூக்கும். சின்னனிலை உரத்தைக் கொட்டி எரிச்சமெண்டால் தேறி எழும்ப அதுக்கு நேரமில்லை. அந்தக் குட்டை உடம்போடையே பூத்து முடிஞ்சிடும்."

"அப்ப எப்ப குடுக்கிறது?"

"நாலைஞ்சு சோடி இலை வரட்டும். அதுவரைக்கும் மண்ணிலை இருக்கிற சத்தே காணும். பிறகு உரப் போத்தலிலை போட்டிருக்கிற அளவிலை கால்வாசி. மண் காய்ஞ்சாத்தான் தண்ணி. இலை நுனி கருகிச் சுருண்டால் சாப்பாடு கூடிப்போச்சு, நிப்பாட்டுங்கோ. மொட்டுக் காட்டினால் பூவுக்கெண்டிருக்கிற மற்றப் போத்தல். கடைசியிலை வெறுந்தண்ணி, வேறை ஒண்டும் வேண்டாம்."

அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் வாசலில் நின்று அவளுடைய முகத்தைத்தான் பார்த்தார். தான் கதைக்கும்போது அவள் ஒருநாளும் அப்படி முகம் வைத்ததில்லை. அவர் கதைத்தால் அவள் அடுப்பைத் துடைப்பாள். முந்தி வெறும் 'அக்கா' என்றவன், இப்போது பேரையும் சேர்த்துத் 'தேவியக்கா' என்கிறான். அதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் செடிக்கதைதான். "இண்டைக்கு நுனி கொஞ்சம் பழுத்திருக்கு. இந்தக் கிழமை உரம் குடுக்கேல்லை," என்பாள், சோறு போட்டுக்கொண்டே. அவருக்குச் சீனி வருத்தம். "உங்களுக்கு ஒரு அகப்பை காணும்," என்று சட்டியை மூடிவிடுவாள். செடிக்கென்றால் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும். புருசனின் முகத்தைத் திருப்பிப் பார்த்து எத்தனை காலம்? கஞ்சாவைப் பார்த்து எரிச்சல்படுகிற நிலைக்குத் தான் வந்துவிட்டதை நினைக்க அவருக்கே கூச்சமாயிருந்தது. கூச்சத்தால் எரிச்சல் குறையவில்லை.

பொலிசுக்குச் சொன்னாலென்ன என்றும் ஒருநாள் நினைத்தார். ஆனால் பொலிசை அவர் நம்பமாட்டார். டொக்டரையும் வங்கியையும் அசென்சரையுமே நம்பாத மனிதர். வந்தவன் செடிக்குத் தண்ணி ஊற்றினது ஆரென்றுதான் முதலில் கேட்பான்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் குளிர்சாதனப் பெட்டியோடு சாய்ந்து நின்று கதைத்தாள். "ஓம், பூ முத்திட்டுது. வெள்ளை மயிரெல்லாம் பழுத்து வருது. இனி வெறுந்தண்ணிதான் ஊத்துறன். நீங்கள் யோசியாமல் படுங்கோ." குரல் பஞ்சாய் மெத்தென்றிருந்தது. அடுத்தநாள் அவள் குளிக்கும் நேரம் பார்த்து, சுவர்க் கொளுவியிலிருந்த வலன்ரைன் வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, மெத்ரோவடியில் சப்பாத்துத் தைக்கிற கடையில் அதைப்போல இன்னொன்று வெட்டுவித்தார். பழையதைத் திரும்பக் கொளுவியில் மாட்டிவிட்டு, புதியதைச் சட்டைப் பையில் போட்டுப் பின் ஊசியால் குத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மீனைத் தானே வெட்டுவதாகச் சொன்னார். இந்திராதேவி ஆச்சரியமாய்ப் பார்த்தாள். "செதில் ஒழுங்கா உரியுங்கோ," என்றுமட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கென்று போனாள். அவர் விளைமீனை வெட்டிக் கழுவிப் போட்டபடி போட்டுவிட்டு, கழுவின தண்ணியைத் தயிர் வாளியில் பிடித்தார். கறிவேப்பிலைக்கென்று எப்போதோ வாங்கிவைத்த நீல உருண்டை உரத்தில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டார். கலக்கினார். எந்தச் செடியின் வேரையும் அவித்துவிடும் கலவை. கடைசியில் வெறுந்தண்ணியா? பார்ப்போம்.

திறப்பு சத்தமில்லாமல் சுழன்றது. வாளி தளும்பாமல் கூடத்தைத் தாண்டிப் பல்கனிக் கதவடிக்குப் போனார்.

இந்திராதேவி கதிரையில் இருந்தாள். கடைப் பை வெறுமையாய் மடியில் கிடந்தது. கண் மூடியிருந்தது. பக்கத்தில் கல்லுக்கு மேலே ஏற்றி வைத்த தொட்டியில், இடுப்பளவு உயரத்தில், பூப்பாரத்தில் கிளை சரிந்து அந்தச் செடி நின்றது. நல்ல செடி. குறை சொல்ல இடமில்லாத செடி.

அவள் கண்ணைத் திறந்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள்.

"அந்தத் திறப்பு எங்காலை?"

அவர் திறப்பை உள்ளங்கைக்குள் மூடினார்.

"கொளுவியிலை தொங்கினது மாதிரித்தான் கிடக்கு. அது இஞ்சை என்னட்டைக் கிடக்கேக்கை உங்களுக்கு எங்காலை?"

"நீ கடைக்குப் போறனெண்டுதானே போனனீ?"

"போவன். பிறகு போவன்."

"மீன் தண்ணியை இதுக்கு ஊத்திப்போட்டு என்ரை மரத்தைப் பட்டினி போட்டிட்டாய்."

அவள் மடியில் கிடந்த பையை மடித்தாள். "இதுக்கு மீன் தண்ணி ஊத்தினால் பழுதாப்போம். நான் அதைச் சிங்கிலை ஊத்தினனான். இஞ்சை வாற அவதியிலை உங்கட மரம் ஞாபகம் வரேல்லை."

அவன் செடிக்கு ஊற்றினேன் என்று அவள் சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம். ஞாபகம் வரவில்லை என்பவளோடு எதைக் கத்துகிறது?

"அவனை நினைச்சுக்கொண்டு இதிலை குந்தியிருக்கிறாய்."

"ஆரை? வலன்ரைனையோ?" அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்து நின்றது. "இரவிரவா அந்த மனிசன் முனகினது சுவருக்காலை உங்களுக்குக் கேக்கேல்லையே?"

கேட்டிருந்தது. கேட்கிற நேரம் தொலைக்காட்சியைக் கூட்டி வைப்பார்.

"தண்ணி ஊத்தக் கொஞ்ச நேரம் காணும்," என்றாள் அவள். "மிச்ச நேரம் சும்மா இருக்கிறனப்பா. இஞ்சை என்னை ஒருத்தரும் கூப்பிடுறேல்லை."

"அங்கை ஆர் கூப்பிடுறது?"

அவள் வாளியைக் கண்ணால் காட்டினாள். "இதுக்கு ஊத்தப் போறியளெண்டால் ஊத்துங்கோ. அந்த மனிசன் வந்து கேட்டால் நீங்களே சொல்லுங்கோ," என்றாள். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள். செடியை மறைக்கக் கை நீட்டவுமில்லை, எழும்பவுமில்லை.

அரியரத்தினம் வாளியோடு நின்றார். வாளி சரிந்து ஒரு சொட்டுச் சிந்தி நிலத்தில் நீலமாய்ப் பரவியது. வெட்டுவித்த திறப்பைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தன் பல்கனிக்கு வந்ததும் வாளியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கறிவேப்பிலை மஞ்சள் இலையோடு அவரைப் பார்த்து நின்றது. என்ன கலந்திருக்கிறதென்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சாய்த்தார். முழு வாளியையும், கடைசிச் செதில் வரைக்கும். காய்ந்த மண் கொஞ்சம் குடித்தது, மிச்சத்தைத் தள்ளிவிட்டது. தொட்டியின் அடியால் நீலமும் சிவப்புமாய் வழிந்த தண்ணி தரைச் சரிவைப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தட்டியின் கீழே நுழைந்தது.

அவர் குந்தினார். அந்தப் பக்கம் ரோசாநிறச் செருப்பை நோக்கித் தண்ணி போனது. கிட்டப் போனது. செருப்பிலிருந்து கால்கள் மெல்லக் கழன்று, மேலே எழும்பி, கதிரையின் குறுக்குச் சட்டத்தில் ஏறி அமர்ந்தன. தண்ணி செருப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது. கால்கள் கீழே இறங்கவில்லை.