இராக்கம்மா கேட்ட கடிதங்கள்

"சப்பாத்தக் கால்ல போடுடி!" என்று இராக்கம்மா கத்த, மகள் நிஷாந்தினி பள்ளிக்கூட வெள்ளைக் கவுனிலேயே வாந்தி எடுத்தாள். ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மூன்று வாரமாக இதுதான் காலை ஏழு மணிச் செய்தி. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அதே பிள்ளை நான்கு ரொட்டி தின்பாள். அதையும் எண்ணித்தான் வைத்திருந்தோம்.

மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லக் கூசும் காரணத்தையும் சொல்லிவிட்டாள். கடைசியில் கிளினிக்.

டொக்டர் ஸவாஹிரா பதுளையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். பிள்ளைகளின் மனதையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். "அம்மா கொஞ்சம் வெளிய இரிங்க" என்று சொல்லிவிட்டு, நிஷாந்தினியோடு அரை மணி நேரம் பேசினார். கியூ முணுமுணுத்தது. கதவோரம் நின்ற எங்களுக்கு மட்டும் அலுப்பில்லை.

பிறகு இராக்கம்மாவை உள்ளே கூப்பிட்டார். "மகள் ஒவ்வொரு நாளும் ஸ்கூல் கக்கூஸ் கழுவுறாவாம். அவ மட்டுந்தானாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நானும் கழுவித்தானே அங்க படிச்சேன்? எங்க தாத்தா வாசக்கூட்டிங்க."

தோட்டத்துக் கக்கூஸ்களைக் கழுவியவருக்கு அந்தப் பெயர். அவர் செத்து முப்பது வருடம். வேலை மட்டும் சாகாமல், சம்பளமும் இல்லாமல், பேத்தியின் மகள் வரை வந்திருக்கிறது.

 டொக்டர், தனக்குப் பயிற்சி கொடுத்த, பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் வைத்தியருக்கு ஃபோன் போட்டார். "மருந்து பொறகு பாப்போம். மொதல்ல அந்தப் புள்ள கையில இருந்து வாளிய வாங்குங்க" என்றாராம் அவர். பள்ளிக்கூட அதிபருக்குக் கடிதம் போனது.

அதிபர் எழுந்து நின்று வாசித்தார். "டொக்டர் சொன்னா மறுபேச்சு ஏது?" அன்றே வாளி கைமாறியது, நிஷாந்தினியின் சின்னம்மா மகளுக்கு. எட்டு வயது. கடிதத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லையே!

அடுத்த கிளினிக் நாளில் இராக்கம்மா தன் சொந்தக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரோடு வந்து நின்றாள். ஒன்றுக்கும் நோயில்லை.

"இவங்க பேரெல்லாம் போட்டு எழுதிக் குடுங்க டொக்டர். வாந்தி வர்றதுக்கு முன்னாடியே."

ஸவாஹிரா பேனாவை எடுத்தார். "எழுதுறன். ஆனா இந்த முறை அதிபருக்கு இல்ல, அவருக்கு மேல உள்ள கல்விக் கந்தோருக்கு."

பிரஷர் மாத்திரைக்கு நின்ற நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அல்லவா? "ஏம்மா, எல்லாரும் இப்புடிக் கெளம்பிட்டா கக்கூஸ யாரு கழுவுறது?"

இராக்கம்மா திரும்பிப் பார்த்தாள். "பேண்டவங்க கழுவட்டும் அண்ணே."

கியூவில் நின்ற நாங்கள் கையிலிருந்த நம்பர் துண்டுகளைப் பார்த்தோம். எங்கள் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள்.

"பொம்பள பேசுற பேச்சா இது?" என்று முகத்தைச் சுளித்தார் நல்லையா. அவருக்கு அந்த வார்த்தைதான் நாறியது.