என் கரையில் என் கைதான்

எங்கள் மலையில் மரத்தை எவன் நட்டானோ அவனுக்குத்தான் நிலம். பத்திரம், முத்திரை எல்லாம் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. இங்கே ஒருவன் உன் இடத்தில் ஒரு கன்றை நட்டுவிட்டுப் போனான் என்று வை. அது தோள் உயரம் வந்ததும் அவன் மச்சான் வந்து சாய்ந்து நிற்பான். நிழல் விட ஆரம்பித்ததும் அவன் பேரன் வந்து விறகு ஒடிப்பான். அப்புறம் நீ சாட்சிக்கு ஆள் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

அதனால் ஐகாண்டே டீச்சர் கூட்டம் போட்டு, ஜூன் மாதம் சுற்றுச்சூழல் நாளன்று ஊரே சேர்ந்து ஓடைக்கரையில் அத்திக்கன்று நடப்போகிறது என்று சொன்னபோது எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர், சுற்றுச்சூழல் குழுவுக்கும் தலைவி. கெட்டவள் இல்லை. ஆனால் எதையும் சிரித்த முகமாகச் சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன்.

ஓடை மெலிந்துவிட்டது என்றாள். பிப்ரவரியில் சின்னப் பிள்ளைகள்கூட ஒரே எட்டில் தாண்டினார்கள், மார்ச் மழைக்குக் கரை சரிந்து விழுந்தது, வேர் பிடித்தால்தான் மண் நிற்கும், மண் நின்றால்தான் தண்ணீர் நிற்கும் என்றாள். உண்மைதான், மறுக்கவில்லை. நானும்தான் மெலிந்துவிட்டேன், எனக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

அந்தக் கரையில் அவர்கள் கண் வைத்த இடம் என் தோட்டத்தின் அடிப்பக்கம். நீளமாக ஒரு துண்டு. எங்கள் பக்கம் மாடுகள் கொட்டிலிலேயே நிற்கும், புல்லை அறுத்துத் தலையில் சுமந்து வந்து போட வேண்டும். என் இரண்டு மாடுகளுக்கும் புல் அந்தத் துண்டில்தான் வளர்கிறது. அது போனால் மாடு போகும். மாடு போனால் வாழைக்கு எரு போகும். வாழையும் போனால் நானும் என் மனைவி நவோமியும் மகன் வீட்டுக்கு மோஷி டவுனுக்குப் போய், படிக்கட்டு ஏறி இறங்கிக்கொண்டு சாக வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து, நட்ட மரம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். ஓடைக்குச் சொந்தம் என்றாள் டீச்சர். ஓடைக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஓடையிலிருந்து அறுபது மீட்டருக்கு உழக்கூடாது என்று சட்டம் வேறு இருக்கிறதாம். வீட்டுக்குப் போய் நடந்து பார்த்தேன். அறுபது மீட்டர் என் கட்டில் வரைக்கும் வருகிறது.

போகாமல் இருக்கவும் முடியாது. பொது வேலைக்குக் கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும். வராதவன் ஒரு பானை எம்பேகே தண்டம் கட்ட வேண்டும். வாழையும் கேழ்வரகும் போட்டு நாள் கணக்கில் புளிக்க வைக்கிற சரக்கு அது. நான் வராமல் இருந்தால் என் தண்டத்தைக் குடிக்கலாம் என்று பாதிப்பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வழிதான் தோன்றியது. அவர்கள் நடுவதற்கு முன்னால் நான் நட்டுவிட வேண்டும். வேலிக்கு நாங்கள் சாலே நடுவோம். நீள இலைச் செடி, தண்டை வெட்டி மண்ணில் குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். சாலே நிற்கிற இடம் எல்லை. எங்கள் மலையில் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

விழா நாளன்று பால் கறக்கிற நேரத்துக்கே எழுந்து, வேலியிலிருந்து சாலேத் தண்டுகளை வெட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினேன். இலைக் கொண்டையைக் கழித்துவிட்டுத் தண்டை மட்டும் தண்ணீர் ஓரமாக வரிசையாகக் குத்திக்கொண்டே போனேன். கடைசி இரண்டு தண்டு, பக்கத்துத் தோட்டக்காரன் மசாவேயின் பக்கம் இரண்டு எட்டு தள்ளிப் போய்விட்டது. அங்கே மண் மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். கழித்த இலைகளைக் கரையிலேயே விட்டால் இன்றைக்குக் காலையில்தான் நட்டது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து, அதிலேயே ஓர் இலையால் இறுக்கி முடிச்சுப் போட்டு, மசாவே வீட்டுக்காரர்கள் குடம் இறக்கிவைக்கும் தட்டைக்கல் மேல் வைத்தேன். கையைக் கழுவினேன். மேலே யாரோ இருமினார்கள். மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

இலைக்கட்டை மறந்துவிட்டேன்.

மசாவேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் நானும் பேசிப் பதினோரு வருடம். வாய்க்காலில் என் முறை நடக்கும்போது அவன் பக்கம் மடை திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் தண்ணித் திருடன் என்று கத்தினேன். மடையைத் திறந்தது மாடு என்று பிறகு தெரிந்தது. என் மாடு. அதை நான் வெளியே சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

கொம்பு ஊதியதும் அறுபது பேர் இறங்கி வந்தார்கள். டவுனிலிருந்து வண்டியில் வந்த கன்றுகளைப் பெண்கள் தலையில் சுமந்து வந்தார்கள். டீச்சர் பேச வாயெடுக்கும்போது மேலேயிருந்து மசாவே வந்தான். கோயிலுக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தான். பின்னால் அவன் மனைவி ஷோசே ஒரு பெரிய பானையோடு வந்தாள். அவன் கையில் என் இலைக்கட்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்புச் செய்தவன் சாலே இலையில் முடிச்சுப் போட்டு அனுப்பினால், வாங்கியவன் மன்னித்தே ஆக வேண்டும். முடியாது என்று சொல்ல எங்கள் ஆட்களில் எவனுக்கும் வாய் வராது.

மசாவே நேராக என் முன்னால் வந்து நின்றான்.

"எலியாமனி, உன் சாலே வந்து சேந்துச்சு" என்றான். "ஒரு இலை அனுப்பினாலே போதும். நீ ஒரு கட்டே வச்சிருக்க. வருஷத்துக்கு ஒண்ணுன்னு எண்ணிப் பாத்தேன், கூடவே இருக்கு. மன்னிச்சுட்டேன்."

நான் என் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. நவோமியிடம்கூட. அவள் கூட்டத்தில் நின்றுகொண்டு வாயைப் பொத்தினாள். ஷோசே அவளிடம், காலையில் இதைப் பார்த்த மனுஷன் கஞ்சிகூடக் குடிக்காமல் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இல்லை, அது மறந்து வைத்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருட்டோடு இருட்டாக அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். மசாவேயின் கண் வேறு கலங்கியிருந்தது. "சரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். அந்தக் கோட்டில் பூச்சி உருண்டை வாசம்.

அதோடு விட்டார்களா? டீச்சர் கரையைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் ஓரம் நெடுக சாலே குத்தி நிற்கிறது.

"ஐயா, நாங்க வர்றதுக்கு முன்னாடியே கரைய அணைச்சு நட்டுட்டீங்களா? கூட்டத்துல அவ்ளோ சண்ட போட்டுட்டு?"

கூட்டத்தைத் திருப்பி நிறுத்தி, பாருங்கள், ஓடையின் மேல் அக்கறை என்றால் இதுதான் என்று என்னைக் காட்டிப் பேசினாள். கைதட்டினார்கள். வண்டியோடு வந்த பையன் என்னைத் தண்டுகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தான். மசாவே வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து போய், தன் பக்கம் நிற்கிற இரண்டு தண்டையும் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

"இந்த ரெண்டும் என் மண்ணுல நிக்குது" என்றான் என் காதுக்கு மட்டும். "போகட்டும், அதையும் மன்னிப்புல சேத்துட்டேன்."

பிறகு கன்றுகளைப் பிரித்தார்கள். மசாவே தன் கரையில் யார் வேண்டுமானாலும் நடலாம் என்று கையை விரித்தான். என் பக்கத்துக்கு நூற்றுப் பத்துக் கன்று. பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு என் துண்டில் கால் வைத்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"என் மண்ணுல இன்னொருத்தன் கை படக்கூடாது."

கைதட்டிய அதே கூட்டம் வாயைப் பிளந்தது. டீச்சர் பொறுமையாக, மரம் உங்களுக்குத்தான், புல்லும் உங்களுக்குத்தான், கன்றுக்கு நடுவில் புல் அறுத்துக்கொள்ளலாம் என்றாள். இன்றைக்கு நீ சொல்கிறாய், நாளைக்கு உன்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டால் நட்டவன் வந்து நிற்பானே என்றேன். நீங்க படுக்கற கட்டில யாரும் கேக்கல ஐயா என்று யாரோ பின்னாலிருந்து சொன்னான். நான் கட்டில் வரைக்கும் அளந்ததை நவோமி சொல்லியிருக்கிறாள்; அவள் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

"பின்ன யாருதான் நடுறது?" என்று கேட்டாள் டீச்சர்.

"நான்."

"நூத்திப்பத்து ஐயா."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவள் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். பிறகு கன்றுகளை வரப்பில் இறக்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தை மசாவே கரைக்கு அனுப்பினாள்.

நான் ஒன்பதாவது குழி வெட்டும்போது அவர்கள் மசாவே கரை முழுவதையும் முடித்துவிட்டார்கள். அறுபது பேர் கை. முடித்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. என் தோட்டத்துக்கு எதிர்மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷோசே பானையைத் திறந்தாள். பெண்கள் வாழைக்காயும் இறைச்சியும் போட்டு அடுப்பு மூட்டினார்கள். நான் குனிந்து வெட்டுகிறேன், அவர்கள் குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். சுற்றுச்சூழல் விழா அதற்குப் பிறகுதான் களை கட்டியது.

இருபதாவது கன்றுக்கு, எலியாமனியின் கரையோரம் ஓடுவதற்குத் தண்ணீரும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவன் சந்தேகம் கேட்டான். முப்பதாவதுக்கு, மேலே பறந்த கொக்கு யாருடையது என்று விவாதம் நடந்தது. கன்று கொஞ்சம் சாய்ந்து நின்றால் மேட்டிலிருந்து அத்தனை பேரும் சேர்ந்து திருத்தம் சொன்னார்கள். நவோமியும் சொன்னாள்.

நாற்பதுக்கு மேல் இடுப்பு போய்விட்டது. வரப்புக்கும் குழிக்கும் நடந்து நடந்து கால் பின்னியது. மசாவே கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எல்லையில் வந்து நின்றான்.

"கன்னுகள எடுத்துக் கையில குடுக்கலாமா? குடுக்கறது நடுறது ஆகாதுல்ல?"

நான் நிமிர்ந்து நின்று யோசித்தேன். இடுப்புக்கு அது வசதியாக இருந்ததால் கொஞ்சம் நீட்டியே யோசித்தேன். கொடுக்கலாம், ஆனால் குழிக்குள் கை போகக்கூடாது என்றேன். டீச்சரைச் சாட்சி வைத்துக்கொண்டு அவன் கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பதினோரு வருடப் பேச்சு பாக்கி இருந்தது அவனிடம். மகள் கல்யாணம், மூட்டுவலி, காப்பிச் செடி பட்டுப்போனது, புதுப் பாதிரியாரின் தூக்கம் வருகிற பிரசங்கம். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் குறுக்கே பேச முடியவில்லை. எழுபதாவது கன்றுக்குப் பக்கத்தில் அவன் சும்மா இருந்தபோது, மடையைத் திறந்தது என் மாடு என்று சொன்னேன்.

"தெரியும்" என்றான். "சாணி கிடந்துச்சு."

அடுத்த கன்றை நீட்டினான்.

நூற்றுப் பத்தாவது கன்றுக்கு மண் தள்ளும்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. டீச்சர் எதிர்மேட்டில் எழுந்து நின்று, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படித்தாள். எலியாமனி கிமாரோவின் கரையில் நூற்றுப் பத்து அத்தி, அத்தனையும் எலியாமனி கிமாரோ தன் கையால் நட்டது, வேறு கை படவில்லை. பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். அறுபது கை மேலே போனது. காலையிலிருந்து கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார்கள். இப்படிச் சாட்சி எந்த ஆபீஸிலும் கிடைக்காது. என் பேரனுக்குப் பேரன் காலத்தில்கூட அந்தத் துண்டை ஒருவனும் கேட்க மாட்டான். கேட்டால் இந்த ஊரே என் இடுப்புக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்.

டீச்சர் இதை யோசித்துத்தான் செய்தாளா என்று கேட்கவில்லை. அவள் சிரித்த முகமாகவேதான் இருந்தாள்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். தூக்கிவிட நாலு பேர் ஓடி வந்து, என் எல்லையில் கால் வைக்கலாமா என்று நின்று கேட்டார்கள். கேலிதான். வேண்டாம், நானே எழுந்துகொள்கிறேன் என்றேன். எழவில்லை.

மசாவே மட்டும் கேட்காமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் சுரைக்குடுவை நிறைய எம்பேகே. எங்கள் ஊரில் கொடுக்கிறவன் முதலில் குடித்துக் காட்ட வேண்டும், விஷம் இல்லை என்பதற்கு. ஒரு வாய் குடித்தால் போதும். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மசாவே ஏழெட்டு வாய் குடித்தான்.

"போதும்டா, நம்பிட்டேன்" என்றேன்.

"உன்னை நம்ப வைக்க இது பத்தாது" என்று சொல்லி இன்னொரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுத்தான்.