இரண்டாவது ஊசி

ஓடைப்பட்டி திராட்சை வியாபாரி ஈஸ்வரபாண்டி கொத்தின் நுனியில் தொங்கும் ஒரு பழத்தைக் கடித்தால் போதும், தோட்டத்துக்கே விலை பேசி முடித்துவிடுவார். நுனி இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும். முப்பது வருடமாக அந்த நாக்கு பொய் சொன்னதில்லை. அந்தத் திமிரை மதுரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனார், அதுதான் வினை.

மனைவி முத்துலட்சுமியின் நெஞ்சுக்குள் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்று நெஞ்செலும்புக்குப் பின்னால், மற்றது வலது நுரையீரலின் ஓரத்தில். டாக்டர் ரெஹானா இருவருக்கும் ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே வகையா இருக்கலாம். அபூர்வமா வேற வேறயாவும் இருக்கும். ரெண்டுலயும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்."

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம், டாக்டரம்மா. ஒண்ணுல எடுங்க, போதும். இவ பயந்தாங்கொள்ளி, ரெண்டு ஊசி தாங்க மாட்டா" என்றார் ஈஸ்வரபாண்டி.

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனுஷன் அசையவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த கட்டியில் மட்டும் ஊசி இறங்கியது. மெதுவாக வளரும் கட்டி, அறுத்து எடுத்துவிடலாம் என்று ரிப்போர்ட் வந்தது. "ஆனா மத்ததையும் பாத்துட்டுத்தான் ஆபரேஷன். அடுத்த வாரமே வாங்க" என்றார் டாக்டர். ஈஸ்வரபாண்டியின் காதில் 'மெதுவாக' என்ற சொல் மட்டும் ஏறியது. அறுவடை முடியட்டும் என்றார். முடிந்ததும், கொடி வெட்டும் கவாத்து முடியட்டும் என்றார். இடையில் ஒரு சனிக்கிழமை குச்சனூர் சனி கோயிலில் எள் விளக்கு ஏற்றி, சனி விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

முதல் ஊசி போட்ட ஏழாம் மாதம் முத்துலட்சுமி இருமியபோது ரத்தம் வந்தது. இப்போது இரண்டாவது ஊசியும் போட்டார்கள். நுரையீரலில் இருந்தது வேறு கட்டி, புற்றுநோய். முதுகெலும்பு வரை போய்விட்டது. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ரெண்டையும் எடுத்திருக்கலாம்" என்ற டாக்டர், அதற்கு மேல் ஈஸ்வரபாண்டியைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திரும்பும் வழியில் கார் ஆண்டிபட்டி கணவாயில் ஏறியது. அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"நீ வலி தாங்க மாட்டியேன்னுதான் ஆத்தா நான்..."

முத்துலட்சுமி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். கோபம்கூட இல்லை.

"ரெண்டு ஊசின்னு டாக்டரம்மா சொன்னப்பவே நான் சரின்னு தலையாட்டினேன். அவுக பாத்தாக. நீங்கதான் என் பக்கமே திரும்பல."