கதாநாயகியின் சகரம்

பகல் காட்சிக்கு முன் கொட்டகை ஆபரேட்டர், படமெஷினில் சத்தத்தைப் படிக்கும் ஒலி விளக்கை மறுபடியும் துடைத்தார். புதுப்படத்தில் கதாநாயகி 'சரி, சொல்லு' என்றாலே குரல் சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தமாதிரி பொரிந்தது. நேற்று ஜனம் விசிலடித்து நாற்காலி மெத்தையைக் கிழித்துவிட்டது. மெஷினைப் பார்க்கத் தெரியாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று மானேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

சந்தேகம் தீர, பழைய படம் ஒன்றின் சுருளை அதே மெஷினில் ஓட்டினார். குரல் சுத்தமாக வந்தது. பிறகு புதுச்சுருளின் ஓரத்தை லென்ஸில் பார்த்தார். ஒலி பதிந்திருக்கும் கோட்டின் ரம்பப் பற்களுக்கு நடுவே கருப்பு கசிந்து அடைத்திருந்தது. பிரதி போடும் லேபில் படத்தை மருந்தில் அளவுக்கு மீறிக் கழுவினால்தான் இப்படி ஆகும். அங்கே கழுவுகிறவர் அவருடைய அத்தான்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முழுப் படத்தையும் கழுவறதுக்கு முன்னாடி சோதனைத் துண்டு கழுவி, ஓட்டிக் கேட்டீங்களா அத்தான்?"

"கேட்டேனே. நீ உன் மெஷினைப் பாரு மாப்ளே."

சொன்னவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பொய் சொல்கிறார் என்று ஆபரேட்டருக்கு அப்போதே பட்டது. வாசல்வரை வந்த அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மானேஜர்கிட்ட எதுவும் சொல்லிடாத தம்பி. சின்னப் பிள்ளைங்கள வச்சிருக்கேன்."

அப்படியானால் இவளுக்கும் தெரியும். கூடப் பிறந்தவள் மேல் அன்றைக்கு வந்த கோபம் அவருக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

மறுநாள் மானேஜர் லேபுக்குப் போன் போட்டிருந்தார். போனை வைத்துவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"உங்க அத்தானே சொல்றாரு, மெஷின்லதான் கோளாறுன்னு. இனிமே நான் யாரைக் கேக்கறது?"

பழைய சுருளை ஓட்டிக் காட்டுகிறேன் என்ற சொல் ஆபரேட்டரின் நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் முகம் நடுவில் வந்து நின்றது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

அடுத்த வாரம் வேலை தேடி அலைந்துவிட்டு அந்த வழியாகத்தான் திரும்பினார். காற்றுக்காகக் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கதாநாயகி 'சரி, சொல்லு' என்றாள். துளிப் பிசிறில்லை. லேபுக்குத் திரும்பிப் போகவேண்டிய, முதலில் வந்த பிரதியின் பெட்டி, கயிறு கட்டி, வாசல் ஓரமாகக் கிடந்தது. அதற்குப் பதில் அதே படத்தின் இன்னொரு பிரதி லேபிலிருந்து நேற்றே வந்துவிட்டதாம், டிக்கெட் கிழிப்பவன் சொன்னான். கயிறு கட்டிய பெட்டிமேல் வசதியாகக் காலை வைத்துக்கொண்டு மேலும் சொன்னான்:

"புது ஆபரேட்டர் கைராசிக்காரருண்ணே. வந்த அன்னிக்கே சத்தம் சரியாயிடுச்சு."