மாவிலங்கில கட்டின நூல்

புதன்கிழமை எனக்குக் கிளிநொச்சிக் கிளினிக்கில மூண்டாவது ஊசி. புரொஸ்டேட் கான்சர். போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். மாவிலங்குப் பட்டை அவிச்சுக் குடிச்சா மாறும் எண்டு பக்கத்து வயல்காரன் மயில்வாகனம் சொன்னவன்.

தங்கச்சியின்ர மகள் கௌசலா கம்பசில மூலிகை ஆராய்ச்சி செய்யிறவள். விடேல்லை.

"மாமா, அந்தப் பட்டையில இருக்கிற ஒரு சத்து லாபில, கண்ணாடித் தட்டில கான்சர் செல்லைக் கொல்லுதுதான். நீங்கள் கண்ணாடித் தட்டோ?"

"ஊசி போட்டா வேர்த்துக் கொட்டுது பிள்ளை."

"வேர்க்கிறதுக்கு ஆள் உயிரோட இருக்கோணுமே."

செவ்வாய் மத்தியானம் மயில்வாகனம் மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போனான். காட்டுக் கரையில தனி மரம். பட்டை எடுக்க முதல்நாள் மஞ்சள் நூல் கட்டி, பேர், ஊர், வருத்தம் சொல்லி மரத்திட்டக் கேக்கோணும். அடுத்த நாள் கேட்டவர்தான் வந்து வெட்டோணும்.

நூலைக் கட்டி, "முத்துலிங்கம். தர்மபுரம். புரொஸ்டேட்" எண்டன்.

"மரத்துக்கு இங்கிலீசு விளங்குமோ அண்ணை?" எண்டு சிரிச்சான்.

அடிமரம் முழுக்க வேற ஆக்கள் கட்டின நூல். வெளிறி, பட்டைக்குள்ள புதைஞ்சு கிடந்துது.

புதன் பதினொரு மணிக்குக் கத்தியோட போனனான். மயில்வாகனம் றோட்டில நிண்டான். வெட்ட இடம் தேடேக்கதான் கண்டன், மரத்தில ஒரு வெட்டும் இல்லை. பழைய தழும்புகூட இல்லை. இத்தனை பேர் கேட்டிருக்கினம். வெட்ட ஒருத்தரும் வரேல்லை. வர ஏலாமப் போச்சுதோ என்னவோ.

வீசின காத்து நிண்டுபோச்சுது. பட்டையில கை வைச்சன். நிழலில நிக்கிற மரம், காய்ச்சல்காரன்ர நெத்தி மாதிரிச் சுட்டுது.

"அண்ணை, ஆரோட கதைக்கிறியள்?" மயில்வாகனம் அங்கயிருந்து கத்தினான்.

நான் வாயே திறக்கேல்லை.

பிறகு எனக்கும் கேட்டுது. பட்டைக்குள்ள கன பேர், மெல்ல.

"...துணுக்காய். சலக்கடுப்பு."

"...புளியங்குளம். ஈரல்."

ஒருத்தர் முடிக்க முந்தி மற்றவர். மறுமொழி கிடைக்காத ஆக்கள் மாதிரித் திரும்பத் திரும்ப. காதை ஒட்ட வைச்சன். நடுவில என்ர குரல். "முத்துலிங்கம். தர்மபுரம்..." நேத்து நான் சொன்ன அதே இழுவை.

கத்தியால என்ர நூலை அறுத்தன். ஒரு குரல் குறைஞ்சுது. மற்றவை நிக்கேல்லை.

றோட்டுக்கு ஓடி வந்தன்.

"பட்டை எங்க அண்ணை?"

"கதை வேண்டாம். மோட்டச்சைக்கிளை எடு. கிளினிக் ஒரு மணிக்கு மூடுது."