மொட்டைத் தலைக்கு இரட்டை ஜடை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் சாச்சா மகள் ஷாஜாதியிடம் பேரம் பேசி வாங்கியது. (சாச்சா என்றால் சித்தப்பா. சேலத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘அம்மா’வுக்கு அடுத்துப் பேசும் சொல் ‘கட்டாது’.) ஷாஜாதி சென்னையில் சினிமாவுக்குக் குழந்தை நடிகர்களைத் தேடித் தருபவள். போன வாரம் நாமக்கல்லிலிருந்து கூப்பிட்டு ஒரு சங்கதி சொல்ல ஆரம்பித்தாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று குறுக்கே கேட்டேன்.

“எழுதுண்ணே. ஆனா கடைசியில அந்தப் புள்ளைக்கு வேஷம் கிடைக்கணும்.”

முடிவோடு சேர்த்துக் கதை வாங்குகிற வழக்கம் எனக்கில்லை என்றேன். அப்படியானால் மீதியைச் சொல்வதாயில்லை என்றாள். கடைப்படி இறங்கும் வாடிக்கையாளர்போல ஃபோனை வைத்தேன். அவளும் அதே கடையில் வளர்ந்தவள். திரும்பக் கூப்பிடவே இல்லை. நான்தான் கூப்பிட்டேன். முடிவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

2

தொடக்கம், முதல் முயற்சி:

நாமக்கல்லில் விடிந்ததைச் சொல்லச் சேவல் கிடையாது. இருப்பதெல்லாம் முட்டைக் கோழிகள். ஆகவே அன்று காலை—

வேண்டாம். எழுதியவனின் கெட்டிக்காரத்தனம் மட்டும் தெரிகிறது.

இரண்டாம் முயற்சி:

எருமப்பட்டியில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்கு இடுப்புவரை கூந்தல். அந்தக் கூந்தலின் அழகைக் கேள்விப்பட்டு—

இப்படிப் போனால் அவள் இளவரசியாகிவிடுவாள். மிதுனாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. மூன்றாம் வகுப்பு. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மா அறிவுச்செல்வி கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவர். கூந்தல் மட்டும் உண்மை.

3

படத்தின் இயக்குநர் கௌதமனுக்கு இது முதல் படம். மனைவியை இழந்த லாரி டிரைவர் ஒருவர் தன் மகளுக்கு இரட்டை ஜடை பின்னக் கற்றுக்கொள்கிறார். படமே அந்த ஒரு காட்சிக்காகத்தான். அவரிடம் ஒரு விதியும் உண்டு: காட்சி என்னவென்று பெற்றோருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டில் பயிற்சி கொடுத்துப் பிள்ளையைப் பள்ளி ஆண்டுவிழாவாக்கி விடுவார்கள். இந்த விதியை நினைவில் வையுங்கள். கதையைக் கவிழ்க்கப்போவது அதுதான்.

ஷாஜாதி தேர்வுக்கு ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தாள். பெற்றோரை வெளியே உட்காரவைத்தாள். வந்த பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரே வேலையைச் சொன்னாள்: இல்லாத முட்டை அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போ. பெரும்பாலானவர்கள் கையை நீட்டிக்கொண்டு தூக்கத்தில் நடப்பதுபோல் போனார்கள். ஓமலூரிலிருந்து வந்த பெண் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி போனாள். மிதுனா கதவருகே நின்றாள். இரண்டு கையும் அடைத்திருந்ததால் இடுப்பால் கதவைத் தள்ளினாள். அட்டையை மேசையில் இறக்கி, ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்து, விரலைப் பாவாடையில் துடைத்தாள். உடைந்த முட்டை.

(இந்தப் பத்தியில் என் கைச்சரக்கு ஏதுமில்லை. வீடியோவைப் பார்த்தேன்.)

4

முதலில் மிதுனா, அவளால் முடியாமல் போனால் ஓமலூர்ப் பெண் என்று முடிவானது. ஷாஜாதி வெள்ளிக்கிழமை எருமப்பட்டிக்கு ஃபோன் செய்து, உங்கள் பிள்ளையைத்தான் எடுத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் மண்டபத்துக்கு வருகிறார் என்றாள். அறிவுச்செல்வி, வேறு ஏதாவது செய்யணுங்களா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள் இவள்.

அவர்களும் சந்தோஷமாகவே வந்தார்கள். பிள்ளை தலையில் தொப்பி. அம்மா கையில் தூக்குவாளி. கௌதமன் சீப்பும் சிவப்பு ரிப்பனுமாகக் காத்திருந்தார். அறிவுச்செல்வி முதல் வேலையாகத் தொன்னையில் கோயில் பொங்கல் வைத்து அவரிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் போட்டதும் அறிவுச்செல்வி பிள்ளையின் தொப்பியைக் கழற்றினார்.

மொட்டை. சந்தனம் பளபளத்தது.

“வேஷம் கெடச்சா புள்ள முடியத் தாரேன்னு குலசாமிக்கு நேந்திருந்தேனுங்க. கெடச்சுருச்சு. நேத்தே போயிக் குடுத்துட்டு வந்துட்டோம்.”*

* எங்களிலும் பிறந்த ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்குவது உண்டு. அதனால்தான் தனக்குக் கோபம் வரவில்லை என்றாள் ஷாஜாதி. கௌதமனுக்கும் உடனே வரவில்லை. வாயில் பொங்கல்.

5

முதல் வரைவில் அறிவுச்செல்வியை வெகுளியாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் ஷாஜாதி சண்டைக்கு வந்தாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதே சரி. அந்த அம்மாள் வாக்கை மறுநாளே காப்பாற்றியவர். எங்கள் கடைத்தெருவில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம். முடிதான் வேஷம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சீப்பையும் ரிப்பனையும் பார்த்தபிறகுதான் அவருக்கே புரிந்திருக்கிறது.

“ஏனுங்க, முடி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுங்களே. என்ற புள்ளைக்கு நானே இப்பிடிப் பண்ணிப்போட்டனே.”

கௌதமன் பொங்கலை விழுங்கினார். விக் வைத்தால் நெருக்கத்தில் தெரிந்துவிடும் என்றார். ஓமலூருக்கு ஃபோன் போடச் சொன்னார். ஷாஜாதி ஃபோனைக் கையில் எடுத்தாள்.

(இங்கே ஒரு மழை பெய்யவைக்கலாமா என்று பார்த்தேன். சித்திரை வெயில். பெய்யாது.)

6

மிதுனா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கௌதமனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“வாருங்க.”

அவர் ஏன் சீப்பைத் தூக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. காற்றில் ஒரு இழுப்பு இழுத்தார். அவள் தலை பின்னால் போனது.

“ஸ்ஸ்… மெதுவாப்பா. சிக்கு இருக்குது.”

அவர் கை தயங்கியது. இந்த முறை நுனியிலிருந்து வாரினார். வகிடு எடுத்தார். மூன்றாகப் பிரித்தார். இடது ஜடை முடிந்ததும், அவிழாமலிருக்க அவள் அதைத் தோளருகே பிடித்துக்கொண்டு மறு கையை ரிப்பனுக்கு நீட்டினாள். வலது ஜடையும் முடிந்தது. இரண்டையும் பின்னால் வீசினாள்.

பின்னால் நின்ற கௌதமன், முகத்தில் படாமலிருக்கத் தலையை விலக்கினார்.

ஷாஜாதி ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கௌதமன் காரில் ஏறினார். தொன்னையை மட்டும் விடாமல் எடுத்துப்போனார்.

7

இனி முடிவு.

அ) முடி வளரும்வரை படப்பிடிப்பு தள்ளிப்போகிறது. (தயாரிப்பாளர் என்ற பிராணியை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.)

ஆ) ஓமலூர்ப் பெண் நடிக்கிறாள், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. மிதுனா தியேட்டரில்—

இதை முடிக்கக் கை வரவில்லை.

இ) படத்திலும் பெண்ணுக்கு மொட்டை. முடி வளரும்வரை டிரைவர் தன் லாரியின் தார்ப்பாய்க் கயிற்றில் ஜடை பின்னிப் பழகுகிறார்.

மூன்றாவதை ஷாஜாதி மூலம் கௌதமனுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் குடும்பத்திலிருந்து விலை சொல்லாமல் வெளியே போன முதல் சரக்கு. பார்த்துவிட்டதாக அவள் ஃபோனில் இரண்டு நீல டிக்குகள் வந்தன. பதில் வரவில்லை. வேண்டாம் என்பவர் உடனே சொல்லிவிடுவார். யோசிக்கிறவர்தான் கடையில் நிற்பார். இது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

முடிவு எங்கே என்று ஷாஜாதி கேட்கிறாள். படிக்கிற உங்களிடம் தந்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். மிதுனா உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சீப்பு இதோ. நுனியிலிருந்து வாருங்கள். மெதுவாக. இடது பக்கம் சிக்கு அதிகம்.